டிராயிங் படிக்கப் பழகுவோர்க்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடங்கள் ஊரின் எல்லா மூலைகளிலும் இருக்கின்றன. பீனியா, பொம்மசந்திரா, ஒயிட்ஃபீல்டு, எல்லை தாண்டினால் ஓசூர். எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே கையில் ஒரு தாள் வந்துவிடும். ஒரு பாகத்தின் இரண்டு மூன்று தோற்றங்கள், சுற்றிலும் எண்கள், அம்புகள், கட்டத்துக்குள் அடைத்த சில குறிகள். "இதைப் பார்த்துச் செய்" என்பார் சூப்பர்வைசர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அடைக்கிறது. தாள் முழுக்க இங்கிலீஷ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாததைக் கேட்கக் கூச்சம். பக்கத்து மெஷின்காரர் செய்வதைப் பார்த்துச் செய்து ஒப்பேற்றுகிறார்கள்.

ஒரு சாதாரண மெஷின் பாகத்தின் டிராயிங்கை எடுத்து அதிலுள்ள ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள். பொருள், அளவுகோல், எண்ணிக்கை, ஆழம், பிசிறு நீக்கு, கூர்முனையை மழுக்கு என்று முப்பது நாற்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் தமிழ் அர்த்தத்தோடு எழுதி முடித்துவிடலாம். மீதியெல்லாம் கோடும் எண்ணும் குறியும்தான். அவை கன்னடக்கார சூப்பர்வைசருக்கும், பீகாரிலிருந்து வந்த ஆபரேட்டருக்கும், ஜெர்மனியில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தவருக்கும் ஒரே பொருள் தருபவை. டிராயிங் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பையன் அந்தத் தாளின் முன்னால் யாருக்கும் குறைந்தவன் இல்லை. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

இந்த ஊருக்குப் பல தேசத்து டிராயிங்குகளைப் படித்த பழக்கம் உண்டு. 1940-இல் எச்.ஏ.எல். தொடங்கியபோது கூட நின்றவர்கள் அமெரிக்கர்கள். 1948-இல் வந்த ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலைக்கு இங்கிலாந்து, 1953-இல் வந்த எச்.எம்.டி.க்குச் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான், 1954-இல் வந்த பி.இ.எல்.லுக்குப் பிரான்ஸ் கைகொடுத்தன. ஜீவனஹள்ளிக்கு அருகில் பையப்பனஹள்ளியில் இருந்த என்.ஜி.இ.எஃப்.பில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கூட்டு. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். தாத்தா கற்ற வித்தையை இவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ரிஜெக்ட் ஆகி வரும் ஜாப்களில் கை தவறியதைவிடக் கண் தவறியதே அதிகம். கீழே உள்ளவை அந்தக் கண்ணுக்கானவை.

செய்ய வேண்டியவை

கீழ் வலது மூலையிலிருந்து தொடங்குங்கள். கண் தானாகவே நடுவிலுள்ள படத்துக்குத்தான் ஓடும். அதை இழுத்துப் பிடித்து மூலையிலுள்ள டைட்டில் பிளாக்குக்குக் கொண்டுவாருங்கள். பாகத்தின் பெயர், டிராயிங் எண், பொருள், அளவு மில்லிமீட்டரிலா இஞ்சிலா, பொது டோலரன்ஸ் என்ன, எத்தனையாவது திருத்தம் என்ற எல்லாமே அங்கேதான் இருக்கும். படம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் எம்.எஸ். என்பதிலிருந்து இ.என்.8 என்று மாறியிருந்தால் வேகமும் டூலும் மாறும். அடுத்து குறிப்புகள் பகுதி. "எல்லாக் கூர்முனைகளையும் 0.5 மழுக்கவும்" என்று அங்கே ஒரே ஒரு வரி இருக்கும். படத்தில் எந்த முனையிலும் அது தெரியாது. படம் பார்ப்பது மூன்றாவது வேலை.

கூம்புக் குறியைத் தேடிப் பாருங்கள். டைட்டில் பிளாக்கிலோ அதன் அருகிலோ தலை வெட்டிய கூம்பு ஒன்றும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களும் சின்னதாக வரையப்பட்டிருக்கும். தாளிலேயே அதிகச் சேதம் விளைவிக்கக்கூடிய குறி அதுதான். தோற்றங்களை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். நம் நாட்டுக் கல்லூரிகளுக்காக பி.ஐ.எஸ். வெளியிட்ட எஸ்.பி.46 கையேடு ஃபர்ஸ்ட் ஆங்கிளையே பின்பற்றச் சொல்கிறது. 1988-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட கையேடு அது. ஆகவே வகுப்பில் படித்தது ஒன்று, பீனியாவில் அமெரிக்க ஆர்டரில் வருவது இன்னொன்று.

குறியை அடையாளம் காண்பது எளிது. வட்டங்கள் கூம்பின் சிறிய முனைப் பக்கம் இருந்தால் தேர்ட் ஆங்கிள். பெரிய முனைப் பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஜாப். சதுரக் கட்டை ஒன்று. முன் தோற்றத்துக்கு வலப்பக்கத்தில் இன்னொரு தோற்றம் வரைந்திருக்கிறது. அதில் முழுக்கோட்டில் ஒரு வட்டம், விட்டம் 10, ஆழம் 12. தேர்ட் ஆங்கிள் என்றால் வலப்பக்கம் வரைந்திருப்பது வலப்பக்கத் தோற்றம், ஆகவே துளை வலப்பக்கச் சுவரில் விழ வேண்டும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்றால் வலப்பக்கம் வரைந்திருப்பது இடப்பக்கத் தோற்றம், அதனால் துளை இடப்பக்கச் சுவரில். அளவெல்லாம் மைக்ரான் சுத்தமாக இருக்கும், துளை மட்டும் எதிர்ச்சுவரில் இருக்கும். அந்த ஜாப்பைக் காப்பாற்ற வழியே கிடையாது. இதைத் தடுக்க இன்னொரு வேலி உண்டு. முன் தோற்றத்தில் அந்தத் துளை விட்டுவிட்டு வரும் கோடுகளாக எந்தப் பக்கத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் டிரில்லைத் தொட வேண்டும்.

கோட்டைப் பார்த்தே அதன் வேலையைச் சொல்லப் பழகுங்கள். தடித்த முழுக்கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டுவிட்டு வரும் கோடு மறைந்திருக்கும் விளிம்பு. ஒரு நீளம் ஒரு குட்டை என்று மாறி மாறி வரும் மெல்லிய கோடு நடுக்கோடு. அதே கோடு முனைகளிலும் திருப்பங்களிலும் மட்டும் தடித்திருந்தால் அங்கே வெட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டுப்பட்ட இடத்தில் 45 பாகையில் சாய்கோடுகள் நிரப்பியிருக்கும். ஆனால் போல்ட், ஷாஃப்ட், ரிப் ஆகியவை நீளவாக்கில் வெட்டுப்பட்டாலும் அவற்றில் சாய்கோடு போடுவதில்லை. இந்த வழக்கம் தெரியாதவர், சாய்கோடு இல்லாத ரிப்பைப் பார்த்துவிட்டு அங்கே வெற்றிடம் என்று எண்ணிக்கொள்வார்.

ஒவ்வொரு டிராயிங்கையும் கையால் ஒரு முறை முப்பரிமாணமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, பென்சில் கிறுக்கல் போதும். வரைய வராதவர்கள் துணி சோப்புக் கட்டி ஒன்றை வாங்கி, வீட்டுக் கத்தியால் அந்த வடிவத்தில் செதுக்கிப் பாருங்கள். தட்டையான மூன்று தோற்றங்களிலிருந்து ஒரு உருவத்தை மனத்தில் எழுப்புவதுதான் இந்த வித்தையிலேயே கடினமான படி. பிரான்சின் காஸ்பார் மோஞ்ச் இந்த முறைக்குக் கணித அடிப்படை வகுத்த காலத்தில் அதை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1790-களில்தான் வெளியே சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு மதிப்புள்ள படி. படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது, கை அசைந்தால் வரும்.

டோலரன்ஸை இரண்டு எண்களாக மாற்றி எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். துளைக்குப் பக்கத்தில் 25 எச்7 என்று இருக்கிறது. பெரிய எழுத்து துளைக்கு, சின்ன எழுத்து ஷாஃப்டுக்கு. ஃபிட் அட்டவணையைப் பார்த்தால் 25 எச்7 துளை 25.000-க்கும் 25.021-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதில் சுழல வேண்டிய ஷாஃப்ட் 25 ஜி6 என்றால் 24.980-க்கும் 24.993-க்கும் இடையில். இப்போது கணக்குப் போடுங்கள். துளை மிகச் சிறியதாகவும் ஷாஃப்ட் மிகப் பெரியதாகவும் அமைந்தால் இடைவெளி 7 மைக்ரான். மாறி அமைந்தால் 41 மைக்ரான். எப்படி அமைந்தாலும் ஷாஃப்ட் சுழலும். அதே துளைக்கு 25 பி6 ஷாஃப்ட் என்றால் 25.022-க்கும் 25.035-க்கும் இடையில். அதாவது ஷாஃப்ட் எப்போதும் துளையைவிடப் பெரியது. அதைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

எழுத்து ஒன்று மாறினால் சுழலும் ஜாப் இறுகும் ஜாப் ஆகிவிடுகிறது, வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள்தான் இருக்கிறது. இதை நான் நிறைய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "25 எச்7" என்பதை வெறும் 25 என்று படித்துவிட்டு வெர்னியரால் அளந்து திருப்திப்படுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. 0.02 மட்டுமே காட்டும் வெர்னியருக்கு 0.021 அகலமுள்ள டோலரன்ஸைச் சரிபார்க்கும் திறன் கிடையாது. அதற்கு மைக்ரோமீட்டரோ போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும். எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பதையும் டிராயிங்தான் சொல்கிறது.

டோலரன்ஸ் போடாத அளவுக்கும் டோலரன்ஸ் உண்டு என்று நினைவில் வையுங்கள். டைட்டில் பிளாக்கில் ஐ.எஸ்.ஓ. 2768-எம் என்று இருக்கும். சின்ன எம் என்றால் நடுத்தர வகுப்பு. அதன்படி 6 முதல் 30 மி.மீ. வரை ±0.2, 30 முதல் 120 வரை ±0.3, 120 முதல் 400 வரை ±0.5. ஆகவே வெறுமனே 100 என்று போட்டிருந்தால் 99.7 முதல் 100.3 வரை சரி. இதை அறியாமல் அந்த 100-ஐ மைக்ரான் கணக்கில் பிடிக்க நேரத்தைச் செலவழிப்பவர்களும் உண்டு, "டோலரன்ஸ் இல்லையே, பரவாயில்லை" என்று ஒரு மில்லிமீட்டரை விட்டுவிடுபவர்களும் உண்டு. இருவர் செய்வதும் தவறு.

துளைக் குறிப்பை இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டாகப் படியுங்கள். 4×⌀9 என்றால் ஒன்பது விட்டத்தில் நான்கு துளைகள். பி.சி.டி. 80 என்றால் அவற்றின் மையங்கள் 80 விட்டமுள்ள வட்டத்தில் உட்காரும். எம்10 என்று மட்டும் இருந்தால் சாதாரண மரை, பிட்ச் 1.5, டேப் போடுவதற்கு முன் 8.5 டிரில். எம்10×1.25 என்றால் ஃபைன் மரை, அந்த டிரில் ஒத்துவராது. துளை ஆழம் 20 என்றால் டிரில் நுனியின் கூம்பு அந்த இருபதில் சேராது. மரையின் ஆழமும் துளையின் ஆழமும் தனித்தனியே கொடுத்திருப்பார்கள், துளை எப்போதும் கூடுதலாக இருக்கும்.

பரப்புக் குறியில் வட்டமும் கோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிக் அடித்தது போன்ற குறியின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் அந்த முகத்தை மெஷினிங் செய்தே ஆக வேண்டும். குறியின் மடிப்பில் சிறு வட்டம் இருந்தால் அந்த முகத்திலிருந்து பொருளை எடுக்கவே கூடாது, வார்ப்பிலோ ஃபோர்ஜிங்கிலோ வந்தபடியே விட வேண்டும். கூடவே 3.2, 1.6, 0.8 என்று வரும் எண்கள் சொரசொரப்பின் மைக்ரான் அளவு. எண் குறையக் குறைய முகம் வழவழப்பாகும், செலவும் ஏறும். பழைய டிராயிங்குகளில் இதற்குப் பதில் தலைகீழ் முக்கோணங்கள் இருக்கும். முக்கோணங்கள் கூடக் கூட வழவழப்பு கூடும்.

வெல்டிங் வேலைக்குப் போகிறவர்கள் அம்புக்கோட்டின் இரண்டு பக்கங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். ஜீவனஹள்ளி, மாருதி சேவா நகர் பக்கம் கேட்டும் கிரில்லும் அடித்துப் பழகியவர்கள் பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்குப் போகும்போது கை உறுதியாக இருக்கும், டிராயிங்கில்தான் தடுமாறுவார்கள். ஐ.எஸ்.ஓ. முறையில் ஒரு முழுக்கோடும் அதோடு ஒட்டி விட்டுவிட்டு வரும் ஒரு கோடும் இருக்கும். வெல்டிங் குறி முழுக்கோட்டில் உட்கார்ந்திருந்தால் அம்பு தொடும் பக்கத்தில் அடிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கோட்டில் உட்கார்ந்திருந்தால் மறுபக்கம். அமெரிக்க முறையில் ஒரே கோடுதான். கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் அம்புப் பக்கம், மேலே இருந்தால் மறுபக்கம். அம்பு மடங்கும் இடத்தில் வட்டம் இருந்தால் சுற்றிலும் வெல்டிங். கொடி இருந்தால் பட்டறையில் அடிக்கக் கூடாது, சைட்டில் பொருத்தும்போது அடிக்க வேண்டும்.

ஃபில்லெட் வெல்டிங்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஏ என்ற சின்ன எழுத்து இருந்தால் அது தொண்டை அளவு, அதாவது வெல்டிங்கின் உள்மூலையிலிருந்து முகம் வரையுள்ள தடிமன். இசட் என்று இருந்தால் கால் நீளம். ஏ6 என்பதற்குக் கால் நீளம் சுமார் 8.5 மி.மீ. வர வேண்டும். ஏ6-ஐ இசட்6 என்று படித்து ஆறு மில்லிமீட்டர் காலோடு நிறுத்தினால் தொண்டை 4.2-தான் கிடைக்கும். கேட்ட பலத்தில் சுமார் 30 சதவீதம் அங்கேயே போய்விடும். பெயின்ட் அடித்த பிறகு யார் கண்ணிலும் படாது.

கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். 20-க்கு 30 சைட்டில் எழும்பும் வீட்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் உண்டு. 8 மி.மீ. கம்பி, 150 சி/சி என்றால் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 150 மி.மீ., இடைவெளி 150 இல்லை. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், எவ்வளவு என்பது குறிப்புகளில் இருக்கும். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. மேஸ்திரி பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கவர் பிளாக்கைப் போடுகிறார் என்றால், மரியாதையோடு டிராயிங்கைக் காட்டிக் கேளுங்கள். "மேஸ்திரி, இதுல ஃபுட்டிங்குக்கு ஐம்பதுன்னு போட்டிருக்கே, பாருங்கண்ணா" என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செய்யக்கூடாதவை

தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அளவு போட மறந்த இடம் ஒன்று கண்ணில் படும், கை தானாக ஸ்கேலைத் தேடும். ஏ3 தாளில் வரைந்ததை ஏ4-இல் செராக்ஸ் எடுத்திருந்தால் எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். தாளில் 100 மி.மீ. நீளமாக இருந்த கோடு 71-தான் காட்டும், ஆனால் டைட்டில் பிளாக்கில் 1:1 என்றே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கோ அளவுகோல் என்பதே கிடையாது. எழுதியிருக்கும் எண்தான் அளவு. எண் இல்லையென்றால் மற்ற அளவுகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள்.

"இது இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும்" என்று முடிவு செய்யாதீர்கள். சமச்சீராகத் தோன்றும் பிளேட்டில் ஒரு பக்கத் துளை விளிம்பிலிருந்து 15, மறுபக்கத் துளை 16 என்று இருக்கலாம். பாகத்தைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே டிசைனர் அப்படி வைத்திருப்பார்.

நூலையும் மில்லிமீட்டரையும் கலக்காதீர்கள். பட்டறையில் எட்டு நூல் ஓர் இஞ்ச் என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு நூல் 3.175 மி.மீ. இதை மூன்று என்று எடுத்துக்கொண்டு பத்து இடத்தில் கூட்டினால் பிழை 1.75 மி.மீ. ஆகிவிடும். டிராயிங் மி.மீ.யில் இருந்தால் டேப்பிலும் மி.மீ. பக்கத்தையே பாருங்கள், மனத்துக்குள் மாற்றிக் கணக்குப் போட வேண்டாம்.

பழைய பிரின்ட்டை டிராயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரிவிஷன் ஏ, பி, சி என்று ஏறிக்கொண்டே போகும். திருத்தம் நடந்த இடத்தில் முக்கோணத்துக்குள் எழுத்து இருக்கும், என்ன மாறியது என்பது திருத்தப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும். அதே ஜாப் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரும்போது "தெரிஞ்ச ஜாப்தானே" என்று பழைய தாளை எடுப்பதுதான் ஆபத்து. புதிய பிரின்ட் வந்த அன்றே பழையதைத் திருப்பிக் கொடுங்கள்.

செய்வதற்கு எளிது என்பதற்காக டிராயிங்கை நீங்களே மாற்றாதீர்கள். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹையாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் தொங்கு நடைபாதைகள் இருந்தன. மேல் நடைபாதையையும் அதற்கு நேர் கீழிருந்த நடைபாதையையும் ஒரே நீளக் கம்பி தாங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு நட்டை ஏற்றுவது சிரமம். அதனால் பட்டறை டிராயிங்கில் கம்பி இரண்டாகப் பிரிந்தது. கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு ஒன்று, மேல் நடைபாதையிலிருந்து கீழ் நடைபாதைக்கு இன்னொன்று. தாளில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் மேல் நடைபாதையின் நட்டு இப்போது இரண்டு நடைபாதைகளின் பாரத்தையும் சுமந்தது. யாரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்காமலே மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. 1981 ஜூலை 17 அன்று கூடத்தில் ஆட்களும் ஆட்டமும் நிறைந்திருந்த நேரத்தில் இரண்டும் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். பட்டறைக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, வேலையை எளிதாக்கத்தான் நினைத்தார்கள். ஒரு கோட்டை மாற்றினால் சுமை எங்கே போகிறது என்பது டிசைனருக்குத்தான் தெரியும். எளிய வழி உங்களுக்குத் தோன்றினால் அதை எழுதிக் கொடுங்கள், திருத்தப்பட்ட டிராயிங் கையில் வரும் வரை பழைய டிராயிங்படியே செய்யுங்கள்.

குறிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்து முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஜியோமெட்ரிக் டோலரன்ஸில் மட்டுமே பதினான்கு குறிகள். நேர்மை, தட்டைமை, வட்டமை, செங்குத்து, இடம் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் கட்டத்தின் கடைசியில் இருக்கும் ஏ, பி, சி என்ற டேட்டம் எழுத்துகள் ஜாப்பை எந்த முகத்தில் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்கின்றன. முதல் எழுத்து முதல் முகம். வைஸில் ஜாப்பைக் கட்டும்போது அந்த வரிசை மாறினால் ஒவ்வொரு குறிக்கும் பொருள் தெரிந்திருந்தும் ஜாப் ரிஜெக்ட்தான். ஒரு நிஜ டிராயிங்கையும் அதன்படி செய்த ஜாப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியும் ஜாப்பில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டப் பழகுங்கள்.

இங்கிலீஷ் புத்தகம்தான் இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். சென்னை கிண்டியிலுள்ள நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் போடுகிறது. கர்நாடகப் பிள்ளைகளுக்குப் பழக்கமான கே.ஆர். கோபாலகிருஷ்ணாவின் டிராயிங் புத்தகம், நாடு முழுக்கப் புழங்கும் என்.டி. பட்டின் புத்தகம் இரண்டையும் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். இவற்றில் படங்களே பாதிப் பாடம். கணக்குகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தோற்றங்களை வரைந்து பழகுங்கள். முறையாகக் கற்க விரும்பினால் ராஜாஜிநகரில் ஜி.டி.டி.சி. இருக்கிறது, பீனியாவில் என்.டி.டி.எஃப். இருக்கிறது.

சந்தேகத்தோடு மெஷினை ஓட்டாதீர்கள். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் புதியவர்களை வாயடைக்க வைக்கிறது. அதிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு, எந்த மொழியில் கேட்பது என்ற தயக்கம் வேறு. நீண்ட வாக்கியம் எதுவும் தேவையில்லை. பிரின்ட்டின் நகலில் சந்தேகமான இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். பக்கத்தில் நீங்கள் புரிந்துகொண்ட எண்ணை எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதை சூப்பர்வைசரிடம் நீட்டினால் கன்னடத்திலோ இந்தியிலோ ஒரு சொல்லோடு பதில் வந்துவிடும். வந்த பதிலை அதே தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாப்பைக் கட்டுங்கள். ஒன்றுக்கு மேல் செய்ய வேண்டிய ஜாப் என்றால் முதல் ஜாப்பை மட்டும் முடித்து, எல்லா அளவையும் டிராயிங்கில் ஒவ்வொன்றாக டிக் அடித்து, இன்ஸ்பெக்ஷனில் காட்டிய பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள்.